விமான நிறுவன இணைப்பு நிறைவேறுமா? அறிவிப்பைப் படித்து மதிப்பிடும் முறை

இரண்டு விமான நிறுவனங்கள் ஒன்றாகப் போவதாக அறிவிக்கும் நாளில் வெளியாகும் செய்திக்குறிப்பில் வாங்கும் விலை, சேர்ந்த பின் இருக்கப்போகும் விமானங்களின் எண்ணிக்கை, ஆண்டுதோறும் மிச்சமாகும் செலவு ஆகியவை தவறாமல் இடம்பெறும். அந்த இணைப்பு நிறைவேறுமா என்பதைத் தீர்மானிக்கும் விவரங்களோ, ஒழுங்குமுறை ஒப்புதல்களுக்கு உட்பட்டது என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடும். அமெரிக்காவின் ஜெட்ப்ளூ நிறுவனம் அதே நாட்டின் ஸ்பிரிட்டை 3.8 பில்லியன் டாலருக்கு வாங்க 2022இல் செய்துகொண்ட ஒப்பந்தம் அந்த ஒற்றை வரியில்தான் உடைந்தது. ஏசியானாவை வாங்குவதாக 2020 நவம்பரில் அறிவித்த கொரியன் ஏர் 2024 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்ததும் அதே வரியால்தான்.

அந்த வரியை விரித்துப் படிக்க வேண்டிய தேவை பலருக்கு உண்டு. இணையப்போகும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்குத் தன் பணிமூப்பு என்னவாகும் என்ற கவலை இருக்கிறது. பங்கு வைத்திருப்பவருக்கு அறிவித்த விலை கைக்கு வந்து சேருமா என்று தெரிய வேண்டும். ஒரே ஒரு நேரடி விமானத்தை நம்பிப் பயணம் செய்பவருக்குக் கட்டணம் ஏறுமா என்பதே கேள்வி. செய்தி எழுதுபவர் நிறுவனம் சொல்லும் கெடு நம்பத்தக்கதா என்று பார்த்தாக வேண்டும். இவர்கள் எல்லோருக்கும் உதவக்கூடிய வழிமுறை ஒன்றுதான். மொத்த அளவையும் விலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, உரிமையாளரின் நாடு, இருவரும் மோதும் வழித்தடங்கள், அந்த வழித்தடங்களை ஏற்று நடத்தக்கூடிய மூன்றாவது நிறுவனம், அரசுகளின் சொந்த அக்கறை, ஒப்புதல் தர வேண்டிய அலுவலகங்கள் என்ற வரிசையில் ஆராய வேண்டும். வரிசை முக்கியம், முதல் படியிலேயே இடறி விழும் இணைப்புக்கு மற்றப் படிகளை ஆராய்வதில் பயனில்லை.

உரிமையாளர் எந்த நாட்டவர்?

மற்றத் தொழில்களில் ஒரு நாட்டு நிறுவனத்தை இன்னொரு நாட்டு நிறுவனம் வாங்கினால் முதலாளி மாறுவார், தொழில் பெரும்பாலும் அப்படியே நடக்கும். விமானத் தொழிலில் உரிமையாளரின் நாடு மாறினால் பறக்கும் உரிமையே பறிபோகலாம். ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்பரப்பின் மீது முழு இறையாண்மை உண்டு என்பதை 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை உறுதி செய்தது. அதன்பின் பன்னாட்டுச் சேவைகளை நாடுகள் இருதரப்பு ஒப்பந்தங்கள் வழியாகத் தமக்குள் பேசித் தீர்த்துக்கொண்டன. ஒரு நாடு நியமிக்கும் விமான நிறுவனத்தின் கணிசமான உடைமையும் நடைமுறைக் கட்டுப்பாடும் அந்த நாட்டிடமோ அதன் குடிமக்களிடமோ இருக்க வேண்டும் என்று அந்த ஒப்பந்தங்களில் பல கேட்கின்றன. அந்த நிபந்தனை மீறப்பட்டால், எதிர்த்தரப்பு நாடு தன் விமான நிலையங்களில் இறங்கும் அனுமதியை மறுத்துவிடலாம்.

இதற்கு மேல் உள்நாட்டுச் சட்டங்களும் எல்லை வகுக்கின்றன. அமெரிக்காவில் வாக்குரிமையுள்ள பங்குகளில் 75 விழுக்காடு அமெரிக்கக் குடிமக்களிடம் இருக்க வேண்டும். நிறுவனத் தலைவரும் இயக்குநர் குழுவில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினரும் குடிமக்களாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு விதிகள் பாதிக்கு மேற்பட்ட உடைமையையும் நடைமுறைக் கட்டுப்பாட்டையும் உறுப்பு நாடுகளோ அவற்றின் குடிமக்களோ வைத்திருக்க வேண்டும் என்கின்றன. இந்தியாவில் ஒரு வெளிநாட்டு விமான நிறுவனம் அரசின் ஒப்புதலோடு 49 விழுக்காடு வரை முதலீடு செய்ய 2012 முதல் வழியுண்டு.

ஆகவே எல்லை கடந்த இணைப்பு அறிவிக்கப்பட்டால், யாருக்கு எத்தனை பங்கு என்பதோடு நின்றுவிடக் கூடாது. வாக்குரிமையுள்ள பங்குகளும் இலாபத்தில் மட்டும் பங்கு தரும் பங்குகளும் தனித்தனியே யாரிடம் இருக்கின்றன, தலைமை நிர்வாகியை நியமிக்கவும் நீக்கவும் யாருக்கு அதிகாரம், முக்கிய முடிவுகளைத் தடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது, கடனும் வணிகப் பெயரும் யார் கொடுத்தவை என்று தோண்டிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கையில் சட்டத்தைத் தாண்டாத ஒரு முதலீட்டாளர் இந்தப் பின்வாசல்கள் வழியாகக் கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருக்க முடியும் என்பதை அதிகாரிகள் நன்றாகவே அறிவார்கள். வர்ஜின் அமெரிக்கா என்ற புதிய நிறுவனத்துக்கு 2006 டிசம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை முதற்கட்டமாக அனுமதி மறுத்ததற்கு, பிரிட்டனைச் சேர்ந்த வர்ஜின் குழுமத்தின் பிடி அதில் இறுகியிருந்தது என்ற சந்தேகமே காரணம். அந்தக் குழுமம் தேர்ந்தெடுத்திருந்த தலைமை நிர்வாகி விலக வேண்டும் என்பது உட்படப் பல மாற்றங்களை ஏற்ற பிறகே 2007இல் அது பறக்கத் தொடங்கியது.

பெரிய நிறுவனங்கள் இந்தத் தடையைத் தாண்டுவதற்காகச் சற்றே வளைந்த அமைப்புகளை உருவாக்குகின்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸும் நெதர்லாந்தின் கேஎல்எம்மும் 2000இல் நடத்திய பேச்சு முறிந்துபோனதில், நெதர்லாந்து 1992இல் அமெரிக்காவுடன் செய்துகொண்ட தாராளமான வான்வழி ஒப்பந்தத்தின் பலன் பிரிட்டிஷ் உரிமையாளரின் கைக்குப் போனால் அமெரிக்கா ஏற்குமா என்ற சிக்கலுக்கும் பங்குண்டு. அதே கேஎல்எம் 2004இல் ஏர் பிரான்சுடன் சேர்ந்தபோது, வாக்குரிமையின் ஒரு பகுதியை டச்சு அறக்கட்டளைகள் வைத்திருக்கும்படி அமைத்து, நெதர்லாந்து நிறுவனம் என்ற தகுதியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். சிலியின் லான் நிறுவனம் பிரேசிலின் டாமுடன் 2012இல் இணைந்தபோது, பிரேசிலில் வெளிநாட்டவர் வைத்திருக்கக்கூடிய வாக்குரிமை 20 விழுக்காடு மட்டுமே என்பதால், டாமின் வாக்குரிமையில் 80 விழுக்காட்டைப் பிரேசிலியக் குடும்பத்திடமே விட்டுவைத்தார்கள். அறிவிப்பில் இப்படி ஓர் அமைப்பு விரிவாக விளக்கப்பட்டிருந்தால் நல்ல அறிகுறி. சட்ட ஆலோசகர்கள் முன்கூட்டியே வேலை செய்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். எல்லை கடந்த இணைப்பில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால் சந்தேகப்படுவதே சரி.

வழித்தடம் வழித்தடமாகக் கணக்கிடுதல்

போட்டியை ஆராயும் அதிகாரிகள் நாடு முழுவதற்குமான சந்தைப் பங்கோடு நின்றுவிடுவதில்லை. ஏதென்ஸிலிருந்து ஒரு தீவுக்குப் போக வேண்டியவருக்கு வேறொரு தீவுக்குப் போகும் விமானத்தில் காலி இருக்கை இருப்பதால் எந்தப் பயனும் இல்லை. அதனால் ஒவ்வொரு புறப்படும் நகரமும் சேரும் நகரமும் சேர்ந்த இணையே ஒரு தனிச் சந்தையாகக் கருதப்படுகிறது. நாட்டின் இரு வேறு மூலைகளில் பறக்கும் இரண்டு பெரிய நிறுவனங்கள் எளிதாக இணைந்துவிடுவதும், ஒரே நகரத்தைத் தளமாகக் கொண்ட இரண்டு சிறிய நிறுவனங்கள் தடுக்கப்படுவதும் இதனால்தான்.

இந்த வேலையை நீங்களே செய்து பார்க்கலாம். இரு நிறுவனங்களின் கால அட்டவணையை எடுத்துக்கொண்டு, இருவரும் நேரடியாகப் பறக்கும் நகர இணைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் வேறு யார் நேரடியாகப் பறக்கிறார்கள், நாளுக்கு எத்தனை முறை பறக்கிறார்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். அதே நகரத்துக்கு இரண்டாவது விமான நிலையம் இருந்தால், பயணிகள் உண்மையிலேயே அதை மாற்றாகக் கருதுகிறார்களா என்று யோசியுங்கள். இடையில் இறங்கி மாறும் பயணத்தையும் கவனிக்க வேண்டும். பத்து மணி நேரப் பயணத்தில் இரண்டு மணி நேரம் கூடுதலாவதைப் பலர் பொறுத்துக்கொள்வார்கள். ஒரு மணி நேரப் பயணத்தில் அதை யாரும் ஏற்கமாட்டார்கள். நேரத்தைப் பொருட்படுத்தும் பயணிகளையும் கட்டணத்தைப் பொருட்படுத்தும் பயணிகளையும் பிரித்துப் பார்க்கும் வழக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைப்புகளைப் பரிசீலிக்கும் ஐரோப்பிய ஆணையத்துக்கு உண்டு என்பதால், அந்தப் பிரிவினையை நீங்களும் செய்துகொள்வது நல்லது.

அடுத்தது ஓர் எளிய கணக்கு. ஒரு வழித்தடத்தில் பறக்கும் நிறுவனங்கள் ஒவ்வொன்றின் பங்கையும் அதனாலேயே பெருக்கி, வரும் எண்களைக் கூட்டினால், சந்தை எவ்வளவு சில கைகளில் குவிந்திருக்கிறது என்று காட்டும் ஹெர்ஃபின்டால் குறியீடு கிடைக்கும். மூன்று நிறுவனங்கள் 40, 30, 30 விழுக்காடு வைத்திருப்பதாகக் கொள்வோம். 1,600, 900, 900 ஆகிய மூன்றும் சேர்ந்து 3,400 ஆகிறது. 30 விழுக்காடு வைத்திருக்கும் இருவரும் இணைந்தால் 40, 60 என்று இரண்டே பங்குகள் எஞ்சும். கூட்டுத்தொகை 5,200 ஆகிவிடும், அதாவது ஏற்றம் 1,800. அமெரிக்காவின் 2023ஆம் ஆண்டு இணைப்பு வழிகாட்டு நெறிகளின்படி, இணைப்புக்குப் பின் குறியீடு 1,800ஐத் தாண்டி, ஏற்றமும் 100க்கு மேல் போனாலே போட்டி கெடும் என்று முதற்கட்டமாக அனுமானிக்கலாம். பெரும்பாலான விமான வழித்தடங்கள் இணைப்புக்கு முன்பே அந்த எல்லையைக் கடந்தவை. எனவே மோதும் வழித்தடங்கள் எத்தனை, அவற்றில் மூன்றாவது நிறுவனமே இல்லாதவை எத்தனை என்பதில் உங்கள் கவனம் இருக்கட்டும்.

ஒரே விமான நிலையத்தைத் தளமாகக் கொண்ட இருவர் இணைய நினைத்தால் இந்தப் பட்டியல் சட்டென்று நீண்டுவிடும். டப்ளினைத் தளமாகக் கொண்ட ரயன்ஏர், அதே டப்ளினைத் தளமாகக் கொண்ட ஏர் லிங்கஸை வாங்க முயன்றபோது 2007 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் தடை விதித்தது; மீண்டும் முயன்றபோது 46 வழித்தடங்களைச் சுட்டிக்காட்டி 2013 பிப்ரவரியில் இரண்டாம் முறையும் தடுத்தது. கிரேக்கத்தின் ஏஜியன், ஒலிம்பிக் நிறுவனங்களின் கதை இன்னும் பாடம் தருவது. இரண்டும் சேர்ந்தால் கிரேக்க உள்நாட்டுச் சந்தையில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஒரே கையில் வந்துவிடும் என்று 2011 ஜனவரியில் ஆணையம் அந்த இணைப்பைத் தடை செய்தது. 2013 அக்டோபரில் அதே இரு நிறுவனங்களின் இணைப்புக்கு அதே ஆணையம் ஒப்புதல் தந்தது. கிரேக்கத்தின் பொருளாதார நெருக்கடியில் தத்தளித்த ஒலிம்பிக், இணைந்தாலும் இணையாவிட்டாலும் விரைவில் சந்தையை விட்டு வெளியேறிவிடும் என்று அதற்குள் நிறுவப்பட்டுவிட்டதே காரணம்.

மூழ்கும் நிறுவனம் என்ற இந்த வாதத்தைப் பல அறிவிப்புகள் மறைமுகமாக எடுத்து வைக்கும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். நிறுவனம் நட்டத்தில் இருப்பது போதாது. வேறு வாங்குபவர் கிடைக்கவில்லை என்பதும், இணைப்பு இல்லாவிட்டால் அதன் விமானங்களும் இடங்களும் சந்தையிலிருந்தே போய்விடும் என்பதும் ஆதாரங்களோடு காட்டப்பட வேண்டும். ஜெட்ப்ளூ வழக்கில் நீதிமன்றம் பார்த்தது வேறு ஒன்றை. ஸ்பிரிட்டின் விமானங்களிலிருந்து சில இருக்கைகளைக் கழற்றி, தன் பாணியில் விசாலமாக்கி ஓட்டுவதே ஜெட்ப்ளூவின் திட்டம். கூடுதல் வசதி எதுவும் கேட்காமல் மிகக் குறைந்த கட்டணத்தில் பறந்தவர்கள் அந்தத் திட்டத்தில் தம் இருக்கையை இழப்பார்கள் என்பது, வழக்குத் தொடர்ந்த அமெரிக்க அரசின் நீதித்துறையின் வாதம். பாஸ்டனிலிருந்த கூட்டாட்சி நீதிபதி 2024 ஜனவரி 16 அன்று இணைப்பைத் தடுத்துத் தீர்ப்பளித்தார். ஸ்பிரிட் அதே ஆண்டு நவம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியது உண்மை. அதை வைத்துத் தீர்ப்பே பிழை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தீர்ப்பு நாளில் நீதிமன்றத்தின் முன் இருந்த சான்றுகளைக் கொண்டே அதை மதிப்பிட வேண்டும். அதோடு, குறைந்த வருமானமுள்ள பயணிகளுக்காக ஒரு நீதிமன்றம் இவ்வளவு வெளிப்படையாகப் பேசியது அந்தப் பயணிகளுக்கு உரிய மரியாதை என்றே கருதுகிறேன்.

விட்டுக்கொடுப்பதை ஏற்க ஆள் இருக்கிறதா?

மோதும் வழித்தடங்கள் இருந்தாலே இணைப்பு நின்றுவிடும் என்பதில்லை. பெரும்பாலும் சில வழித்தடங்களையோ நெரிசலான விமான நிலையங்களில் தமக்குள்ள ஸ்லாட்டுகளையோ, அதாவது இறங்கவும் புறப்படவும் ஒதுக்கப்பட்ட நேரங்களையோ, போட்டியாளருக்கு விட்டுக்கொடுத்து ஒப்புதல் வாங்குவார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸும் யுஎஸ் ஏர்வேஸும் இணைய முயன்றபோது, வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்தில் 69 விழுக்காட்டு ஸ்லாட்டுகள் ஒரே நிறுவனத்திடம் சேர்ந்துவிடும் என்று சொல்லி 2013 ஆகஸ்டில் நீதித்துறை வழக்குத் தொடர்ந்தது. நவம்பரில் சமரசம் ஏற்பட்டது: ரீகனில் 52 இணை ஸ்லாட்டுகளையும் நியூயார்க்கின் லகார்டியாவில் 17 இணை ஸ்லாட்டுகளையும் வேறு சில நகரங்களில் விமானம் நிற்கும் வாயில்களையும் விட்டுக்கொடுத்தார்கள். டிசம்பரில் இணைப்பு முடிந்தது. அங்கே அந்த ஸ்லாட்டுகளுக்காகக் காத்திருந்த சௌத்வெஸ்ட், ஜெட்ப்ளூ போன்ற நிறுவனங்கள் இருந்தன என்பதைக் கவனியுங்கள்.

விட்டுக்கொடுக்கத் தயார் என்று சொல்வது எளிது. அதை ஏற்று உண்மையில் பறக்கக்கூடிய நிறுவனம் யார் என்று பெயர் சொல்வதுதான் கடினம். என் மதிப்பீட்டில் இணைப்புகளின் தலைவிதியை மற்ற எதையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது இந்தக் கேள்வி. கொரியன் ஏர் தன் போட்டியாளரான ஏசியானாவை வாங்க ஐரோப்பிய ஆணையத்தின் ஒப்புதலைக் கேட்டபோது, சியோலிலிருந்து பாரிஸ், ரோம், பார்சிலோனா, பிராங்ஃபர்ட் ஆகிய நான்கு நகரங்களுக்கும் மூன்றாவது நிறுவனம் ஒன்று வந்தாக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. டீவே என்ற மலிவுக் கட்டண நிறுவனம் முன்வந்தது. ஆனால் அவ்வளவு தூரம் பறக்கத் தேவையானவை எல்லாம் அதனிடம் இல்லாததால், வழித்தடத்தோடு விமானங்களையும் கொடுத்து உதவ வேண்டியிருந்தது. டீவே பறக்கத் தொடங்கிய பிறகே இணைப்பை முடிக்கலாம் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. சரக்குப் பிரிவில் அதைவிடப் பெரிய விலை கேட்கப்பட்டது: ஏசியானாவின் சரக்கு விமானத் தொழில் முழுவதையும் விற்க வேண்டும் என்பது. 2023 இலையுதிர் காலத்தில் ஏசியானாவின் இயக்குநர் குழு அதன் மீது பிளவுபட்டு விவாதித்தே ஒப்புக்கொண்டது. பிறகு ஏர் இன்சியோன் என்ற சரக்கு விமான நிறுவனம் அதை வாங்கியது. இலண்டன் வழித்தடத்துக்கென்று பிரிட்டன் தனியாகக் கேட்டதால் ஹீத்ரோவில் சில ஸ்லாட்டுகள் வர்ஜின் அட்லாண்டிக்குக்குப் போயின.

இதே முறையில் லுஃப்தான்சா, இத்தாலியின் ஐடிஏ நிறுவனத்தில் 41 விழுக்காட்டை 325 மில்லியன் யூரோவுக்கு வாங்க 2023 மே மாதம் ஒப்பந்தம் செய்தபோது, மிலானின் லினாட்டே விமான நிலைய ஸ்லாட்டுகளை ஏற்க ஈஸிஜெட் முன்வந்தது அந்த ஒப்பந்தத்தைக் காப்பாற்றியது. இதற்கு நேர்மாறாக முடிந்தவை இரண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா ஆகியவற்றின் தாய்க்குழுமமான ஐஏஜி, ஸ்பெயினின் ஏர் யூரோப்பாவை வாங்க 2019இல் முதல்முறையும் 2023இல் மறுமுறையும் முயன்றது. ஸ்பெயினுக்குள்ளும் ஸ்பெயினுக்கும் இலத்தீன் அமெரிக்காவுக்கும் இடையிலும் ஆணையத்துக்கு இருந்த கவலையைப் போக்குமளவு விட்டுக்கொடுக்க முடியாமல், 2024 ஆகஸ்டில் 50 மில்லியன் யூரோ முறிவுத் தொகை கொடுத்து விலகிக்கொண்டது. ஏர் கனடா, டிரான்சாட்டை வாங்க 2019இல் செய்த ஒப்பந்தத்துக்குக் கனடா அரசே 2021 பிப்ரவரியில் ஒப்புதல் தந்தும், ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் இடையே 30க்கும் மேற்பட்ட நகர இணைகளில் இருவரும் மோதியதால் ஐரோப்பிய ஆணையத்தைத் திருப்திப்படுத்த முடியாமல் ஏப்ரலில் கைவிடப்பட்டது. ஆகவே செய்திக்குறிப்பில் விட்டுக்கொடுப்பு பற்றிய பேச்சு வந்தால், ஏற்பவரின் பெயரைத் தேடுங்கள். பெயர் இருந்தால் அவரிடம் அந்தத் தொலைவுக்குப் பறக்கும் விமானங்களும் பணமும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அரசியல் எங்கிருந்து வரும்?

அரசியல் தடை மூன்று திசைகளில் வருகிறது: விமான நிறுவனத்தில் பங்கு வைத்திருக்கும் அரசு, விமானச் சேவையை இழக்க அஞ்சும் ஊர்கள், வேலையை இழக்க அஞ்சும் ஊழியர்கள். தேர்தல் நெருங்கும்போது மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். 2008இல் ஏர் பிரான்ஸ்–கேஎல்எம் அலிடாலியாவை வாங்க முன்வந்தபோது இத்தாலியில் தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருந்தது. தேசிய விமான நிறுவனம் வெளிநாட்டார் கைக்குப் போகக் கூடாது என்று பிரதமர் பதவிக்குப் போட்டியிட்ட பெர்லுஸ்கோனி முழங்கினார். தொழிற்சங்கங்களுடனான பேச்சும் முறிந்ததால் ஏர் பிரான்ஸ் விலகியது. இத்தாலிய முதலீட்டாளர்கள் அலிடாலியாவை எடுத்துக்கொண்டார்கள். 2021 அக்டோபரில் அது நிரந்தரமாக நின்றுபோனது. அதன் இடத்தில் அரசு தொடங்கிய ஐடிஏவில் இறுதியில் லுஃப்தான்சா நுழைந்தது. அன்று தடுக்கப்பட்ட வெளிநாட்டு உரிமை, பல ஆண்டு வேலையிழப்புகளுக்கும் அரசுப் பண விரயத்துக்கும் பிறகு வேறு கதவு வழியாக வந்ததை நினைக்கும்போது, அந்த ஊழியர்களுக்காக வருந்தாமல் இருக்க முடியவில்லை.

ஏர் லிங்கஸைப் பாருங்கள். ரயன்ஏருக்குக் கிடைக்காத அந்த நிறுவனம் 2015இல் ஐஏஜிக்குக் கிடைத்தது. வழித்தட மோதல் குறைவு என்பது ஒரு காரணம், 25.1 விழுக்காடு வைத்திருந்த அயர்லாந்து அரசைச் சம்மதிக்க வைத்தது மற்றொன்று. டப்ளின், கார்க், ஷானன் நகரங்களிலிருந்து ஹீத்ரோவுக்குப் பறக்கும் சேவையை ஏழு ஆண்டுகளுக்குக் குறைக்கமாட்டோம், ஹீத்ரோ ஸ்லாட்டுகளை விற்கமாட்டோம் என்று எழுத்தில் கொடுத்தார்கள். அரசு பங்கு வைத்திருக்கும் நிறுவனமென்றால், விலையைவிட இத்தகைய வாக்குறுதிகளில்தான் பேரம் நடக்கும். பங்கு இல்லாத அரசும் திடீரென்று பங்குதாரராகலாம் என்பதற்கு, கேஎல்எம்மின் தளமான ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தின் எதிர்காலம் குறித்துக் கவலைப்பட்ட நெதர்லாந்து அரசு 2019 பிப்ரவரியில் ஏர் பிரான்ஸ்–கேஎல்எம்மில் ஏறத்தாழ 14 விழுக்காட்டைச் சந்தையில் வாங்கிவிட்டு அறிவித்தது சான்று.

ஊர்களின் குரலும் வழக்கின் போக்கை மாற்றும். அமெரிக்கன்–யுஎஸ் ஏர்வேஸ் இணைப்பை எதிர்த்த 2013 வழக்கில் நீதித்துறையோடு சேர்ந்து நின்ற மாநிலங்களில் டெக்சாஸும் ஒன்று. மாநிலத்தின் சிறு நகரங்களுக்கு விமானச் சேவை தொடரும், தலைமையகம் டெக்சாஸிலேயே இருக்கும் என்ற உறுதிமொழி கிடைத்ததும் அக்டோபரிலேயே வழக்கிலிருந்து விலகிக்கொண்டது. அலாஸ்கா ஏர்லைன்ஸ் ஹவாயியனை வாங்கியபோது நீதித்துறை வழக்குத் தொடராவிட்டாலும், போக்குவரத்துத் துறை 2024 செப்டம்பரில் தீவுகளுக்கிடையிலான முக்கியச் சேவைகளையும் பயணிகள் சேர்த்துவைத்த புள்ளிகளின் மதிப்பையும் காக்க ஆறு ஆண்டு நிபந்தனைகளை விதித்தது.

ஊழியர்களைப் பொறுத்தவரை, விமானிகளின் பணிமூப்புப் பட்டியல்தான் முள் முடிச்சு. யார் எந்த விமானத்தை ஓட்டுவது, யாருக்கு எந்த நாளில் விடுமுறை, ஆட்குறைப்பில் யார் முதலில் வெளியேறுவது என்பதெல்லாம் அதில் அடங்கியிருக்கின்றன. அமெரிக்கா வெஸ்டும் யுஎஸ் ஏர்வேஸும் 2005இல் இணைந்த பின் அவ்விரு பட்டியல்களும் பல ஆண்டுகள் ஒன்றுசேராமல் கிடந்தன. 2007இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், பட்டியல்களை நியாயமாக இணைக்க வேண்டும், உடன்பாடு எட்டாவிட்டால் நடுவர் தீர்ப்புக்குப் போக வேண்டும் என்று வகுத்தது. மாறாக, அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தொழிற்சங்கங்கள் யுஎஸ் ஏர்வேஸுடனான இணைப்பை முன்கூட்டியே ஆதரித்தது அந்த ஒப்பந்தத்துக்குப் பெரிய பலம். எனவே அறிவிப்பு வந்த வாரத்தில் தொழிற்சங்கங்கள் என்ன சொல்கின்றன என்பதை நிர்வாகத்தின் பேச்சுக்கு இணையான கவனத்தோடு படியுங்கள்.

எத்தனை அலுவலகங்கள், எத்தனை நாள்?

இரு நிறுவனங்களும் சேர்ந்து பறக்கும் நாடுகளின் பட்டியலை எடுத்தால், யார் யார் ஒப்புதல் தர வேண்டியிருக்கும் என்பது ஓரளவு புரிந்துவிடும். கொரியன் ஏர் 14 அதிகார எல்லைகளின் வழியாகப் போக வேண்டியிருந்தது. தென்கொரியாவின் அரசு வளர்ச்சி வங்கியே பணம் கொடுத்து ஊக்குவித்த இணைப்பு அது. உள்நாட்டு ஆணையம் 2022 பிப்ரவரியில் நிபந்தனையோடு சம்மதித்துவிட்டது. அப்படியிருந்தும் ஐரோப்பாவின் நிபந்தனைகளுக்காக இன்னும் இரண்டரை ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். சொந்த அரசின் ஆதரவு மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

ஒரு நாட்டுக்குள்ளேயே பல கதவுகள் இருக்கக்கூடும். விஸ்தாரா ஏர் இந்தியாவோடு சேர்வதாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. இந்தியப் போட்டி ஆணையம் 2023 செப்டம்பரில், சிங்கப்பூரின் போட்டி ஆணையம் 2024 மார்ச்சில், நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஜூனில், அந்நிய முதலீட்டுக்கான அரசு ஒப்புதல் ஆகஸ்டில் என்று படிப்படியாக வந்து, 2024 நவம்பர் 12 அன்றுதான் இணைப்பு நடந்தது. சிங்கப்பூர் ஆணையத்தின் கவலை முழுக்க முழுக்க வழித்தடங்கள் பற்றியது. சென்னை, டெல்லி, மும்பை, திருச்சிராப்பள்ளி ஆகிய நான்கு நகரங்களுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இருக்கைகளின் அளவைக் காப்பது அதன் நிபந்தனை.

நாள்கணக்கைப் போடும்போது சட்டத்தில் சொன்ன கெடுவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐரோப்பிய ஆணையத்தின் முதற்கட்ட ஆய்வு 25 வேலை நாள், ஆழ்ந்த ஆய்வு அதற்கு மேல் 90 வேலை நாள் என்று விதிகள் சொன்னாலும், முறையாக விண்ணப்பம் பதிவாகும் முன்பே மாதக்கணக்கில் பேச்சு நடக்கும். கேட்ட தகவல் வராவிட்டால் கடிகாரத்தை நிறுத்திவைக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அமெரிக்காவில் 30 நாள் காத்திருப்பு முடிவதற்குள் கூடுதல் தகவல் கேட்டுக் கடிதம் வந்துவிட்டால், ஓராண்டு போய்விட்டதாகவே வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் இரண்டு விவரங்களைத் தேடிப் படியுங்கள்: எந்தத் தேதிக்குள் முடியாவிட்டால் யாரும் விலகலாம் என்பதும், ஒப்புதல் கிடைக்காவிட்டால் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதும். ஜெட்ப்ளூ விலகியபோது ஸ்பிரிட்டுக்கு 69 மில்லியன் டாலர் கொடுத்தது. முறிவுத் தொகை கனமாக இருந்தால், தடை வரக்கூடும் என்று விற்பவர் முன்பே கணித்திருக்கிறார் என்று பொருள்.

இரு நிறுவனங்களின் ஊழியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒப்புதல் வரும்வரை இருவரும் சட்டப்படி போட்டியாளர்களே; கட்டணத்தையோ அட்டவணையையோ பற்றி ஒருவரோடொருவர் பேசி வைத்துக்கொண்டால் அதுவே தனிக் குற்றமாகிவிடும். இணைப்புக் குழுவில் இல்லாதவர்கள் மறுபக்கத்துச் சக ஊழியர்களோடு வணிக விவரங்களைப் பகிர்வதைத் தவிர்க்க வேண்டும்.

இணைப்பு கைவிடப்பட்டது என்ற செய்தியோடு கோப்பை மூடிவிடவும் வேண்டாம். நேர்வழி அடைபட்ட நிறுவனங்கள் சிறுபான்மைப் பங்கு, கூட்டு முயற்சி என்று வேறு வழி தேடும். அதிகாரிகளும் அங்கே வருவார்கள். ரயன்ஏரின் முயற்சிகள் தோற்ற பின்னும் அதன் கையிலிருந்த ஏர் லிங்கஸின் 29.8 விழுக்காட்டுப் பங்கை 5 விழுக்காடாகக் குறைக்க வேண்டும் என்று பிரிட்டனின் போட்டி ஆணையம் 2013 ஆகஸ்டில் உத்தரவிட்டது. அமெரிக்கனும் ஜெட்ப்ளூவும் வடகிழக்கு அமெரிக்காவில் அமைத்திருந்த கூட்டணியை 2023 மே மாதத்தில் நீதிமன்றம் கலைத்தது. லானும் டாமும் சேர்ந்து உருவான லாட்டாம், அமெரிக்கனோடும் ஐஏஜியோடும் செய்ய விரும்பிய கூட்டு ஒப்பந்தங்களைச் சிலியின் உச்ச நீதிமன்றம் 2019இல் தடுத்தது. ஆகையால் அத்தகைய கூட்டு அறிவிக்கப்பட்டால், ஏற்கெனவே போட்டுவைத்த வழித்தடப் பட்டியலை எடுத்து, கட்டணத்தை இருவரும் சேர்ந்து தீர்மானிக்கிறார்களா, வருவாயைப் பகிர்ந்துகொள்கிறார்களா என்ற இரண்டையும் விசாரியுங்கள். இரண்டுக்கும் ஆம் என்பது விடையானால், அந்த வழித்தடங்களில் இருவரையும் ஒரே நிறுவனமாக எண்ணிக் கணக்கை மறுபடி போட வேண்டும்.